அஞ்சலக வாசலில் கற்ற பிரெஞ்சு



விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, வெயில் ஏறிய பிறகு வீடு திரும்பும் ஒருவரிடம், "நீங்கள் இன்னொரு மொழியைக் கற்றுக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? "அதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?" என்றுதான் சொல்வார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும், தண்ணீர் பிடித்து, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்ட பிறகு, இதே பதிலைச் சொல்லக்கூடும். இந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ஆகவே, நேரம் நிறைய உள்ளவர்கள் மொழி கற்ற கதையைச் சொல்லி உங்கள் பொழுதை நாம் வீணாக்கப் போவதில்லை. ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன், ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில், கடிதம் சுமந்து திரிந்த ஒரு கடைநிலை ஊழியர், நடக்கும்போதும் நிற்கும்போதும் பிரெஞ்சு மொழியைக் கற்றுக்கொண்ட வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

அவர் பெயர் ஹைன்ரிச் ஷ்லீமன். பிற்காலத்தில் டிராய் நகரத்தைத் தோண்டி எடுத்தவர் என்று உலகம் முழுதும் பேசப்பட்டவர். அந்த அகழ்வாராய்ச்சி வேறொரு நாளைக்கு உரிய பொருள். இன்று நமக்கு வேண்டியது அவருடைய இளமைக் காலம்.

1822ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், வட ஜெர்மனியில் மெக்லென்பர்க் என்னும் பகுதியில் அவர் பிறந்தார். தந்தையார் கிராமத்துத் தேவாலயத்தில் பாதிரியார். ஒன்பது வயதில் தாயை இழந்தான் சிறுவன் ஹைன்ரிச். குடும்பம் நொடித்தது. உயர்நிலைப் பள்ளிக்குப் போனவன் பணம் கட்ட வழியில்லாமல் சாதாரணப் பள்ளிக்கு மாறினான். பதினான்கு வயதில் அதையும் விட்டுவிட்டு, ஃபியூர்ஸ்டன்பெர்க் என்ற சிற்றூரில் ஒரு மளிகைக் கடைக்கு வேலைக்குப் போனான்.

காலை ஐந்து மணி முதல் இரவு பதினோரு மணிவரை அந்தக் கடையில் வேலை. மீன், வெண்ணெய், பால், உப்பு, காப்பி, சர்க்கரை, எண்ணெய், மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் நிறுத்துக் கொடுக்க வேண்டும். சாராயம் காய்ச்ச உருளைக்கிழங்கு அரைக்க வேண்டும். கடையைப் பெருக்க வேண்டும். ஐந்தரை ஆண்டுகள் இப்படியே கழிந்தன. பள்ளியில் படித்த கொஞ்சநஞ்சமும் மறந்துபோயிற்று என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

அந்தக் கடையில் ஒரு நாள் மாலை நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மாவு அரைக்கும் ஆலையில் வேலை பார்த்த ஒருவர் குடிபோதையில் கடைக்குள் வந்தார். அவர் ஒரு காலத்தில் நன்றாகப் படித்தவர். பிறகு வாழ்க்கையில் தடுமாறிப் போனவர். பழைய கிரேக்க மகாகவி ஹோமரின் பாடல்களில் ஏறக்குறைய நூறு அடிகளை மூல மொழியிலேயே ராகத்தோடு சொன்னார். கடைப் பையனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அந்த ஓசை அவனை அழவைத்துவிட்டது. தன்னிடம் இருந்த சில காசுகளைக் கொடுத்து, அந்த மனிதருக்கு மூன்று கிளாஸ் சாராயம் வாங்கிக் கொடுத்து, மூன்று தடவை திரும்பச் சொல்ல வைத்தான். பொருள் தெரியாமலே ஒரு மொழியின் ஓசைக்குக் காது கொடுக்கும் பழக்கம் அங்கே தொடங்கியது என்று நாம் கொள்ளலாம்.

ஒரு நாள் கனமான பீப்பாய் ஒன்றைத் தூக்கியபோது மார்பில் அடிபட்டு இரத்தம் கக்கினான். அதோடு கடை வேலை போயிற்று. ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் போய், தென் அமெரிக்கா செல்லும் ஒரு கப்பலில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். 1841ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அந்தக் கப்பல் ஹாலந்துக் கரையோரம் புயலில் உடைந்தது. உயிர் தப்பிக் கரை சேர்ந்தவன் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்கு வந்தான். அப்போது வயது இருபதுகூட நிரம்பவில்லை. தெரிந்தவர் யாரும் அந்த ஊரில் இல்லை. அந்நாட்டு மொழியும் தெரியாது.

சில நல்ல மனிதர்கள் முன்வந்து பணம் திரட்டி உதவினார்கள். ஒரு வணிக நிறுவனத்தில் வேலை கிடைத்தது. என்ன வேலை? வணிகர்களின் உண்டியல் சீட்டுகளுக்கு முத்திரை குத்துவது, அவற்றை ஊருக்குள் கொண்டுபோய்ப் பணமாக்குவது, கடிதங்களை அஞ்சலகத்தில் சேர்ப்பது, அங்கிருந்து கடிதங்களை வாங்கி வருவது. மூளைக்கு வேலை இல்லாத வேலை. அதுவே தமக்குப் பிடித்திருந்தது என்கிறார் ஷ்லீமன். கால்கள் வேலை பார்க்கும். மனத்துக்கு ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வில் படிக்கலாம் அல்லவா?

ஆண்டுச் சம்பளம் 800 பிராங்கு. அதில் பாதியைப் படிப்புக்குச் செலவிட்டார். மீதிப் பாதியில் வாழ்ந்தார். மாதம் எட்டு பிராங்கு வாடகைக்குக் கூரைக்கு அடியில் ஒரு சிற்றறை. குளிர்காலத்தில் அங்கே நெருப்பு மூட்ட வசதியில்லை, நடுங்கினார். கோடையில் வெந்தார். காலையில் ரை என்ற தானியத்தின் மாவுக் கஞ்சி. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு சில காசுகளுக்கு மேல் செலவழித்ததில்லை. வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோரை நாம் எல்லோரும் அறிவோம். இங்கே ஒருவர் தம் வயிற்றைக் கட்டித் தம்மையே படிக்க வைத்தார்.

முதலில் அவர் கையெழுத்தைத் திருத்திக்கொண்டார். அதற்கென ஓர் ஆசிரியரிடம் இருபது பாடங்கள். அதன் பிறகு ஆங்கிலம். அடுத்தது பிரெஞ்சு. அவர் வாழ்ந்த நாட்டின் மொழியாகிய டச்சு இவற்றுக்குப் பின்னர்தான் வந்தது! இதைக் கேட்டால் விந்தையாக இருக்கும். ஆனால் அன்றைய ஐரோப்பாவில் ஒரு நாட்டு வணிகரும் இன்னொரு நாட்டு வணிகரும் கடிதம் எழுதிக்கொள்ளப் பெரிதும் பயன்பட்டது பிரெஞ்சு மொழி. அரசர்களின் தூதர்களும், ரஷ்ய நாட்டுப் பிரபுக்களும் பேசியது அதையே. கடிதம் சுமப்பவர் கடிதம் எழுதுபவராக மாற வேண்டுமானால் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும்.

இனி, அவர் கற்ற முறையைப் பார்ப்போம். அவரே தம் வரலாற்றில் இதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். பாடத்தை உரக்கப் படிக்க வேண்டும், நிறையப் படிக்க வேண்டும். தாய்மொழியில் பெயர்த்துப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் ஆசிரியரிடம் ஒரு பாடம். தமக்குப் பிடித்த ஏதேனும் ஒன்றைப் பற்றித் தாமே கட்டுரை எழுத வேண்டும். ஆசிரியர் பிழை திருத்திய பின் அதை மனப்பாடம் செய்து, மறுநாள் பாடத்தில் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஷ்லீமனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர், ஆசிரியரே இல்லாமல் எல்லாம் கற்ற மேதை என்று அவரைப் புகழ்வார்கள். அது சரியில்லை. அவர் சொல்லும் முறையிலேயே ஒவ்வொரு நாளும் ஆசிரியர் வருகிறார். பாதிச் சம்பளம் போனது அதற்காகவும்தான். தனியாக இருந்து உழைத்தது உண்மை. திருத்துவதற்கு ஒருவர் இருந்தார் என்பதும் உண்மை. ஆசிரியர் கிடைக்காமல் தடுமாறும் பிள்ளையைப் பார்த்து, "ஷ்லீமன் படிக்கவில்லையா?" என்று கேட்பது நியாயமாகாது.

ஆனால் ஆசிரியர் இருந்தது நாளில் ஒரு சிறு பொழுதுதான். மற்ற நேரம்? அங்கேதான் அவருடைய அன்றாடப் பழக்கம் வேலை செய்தது. வேலையாக வெளியே போகும்போது, மழை பெய்தாலும் கையில் புத்தகம் இல்லாமல் போனதில்லை. நடந்துகொண்டே சில வரிகளை மனப்பாடம் செய்வார். அஞ்சலகத்தில் காத்து நிற்கும்போது படிப்பார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். ஆங்கிலம் கற்ற காலத்தில் அன்று இரண்டு தடவை ஆங்கிலேயர்களின் தேவாலயத்துக்குப் போவார். பிரசங்கியார் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள்ளேயே திரும்பச் சொல்லிப் பழகுவார். இரவில் அவருக்குத் தூக்கம் குறைவு. விழித்துக் கிடக்கும் நேரத்தில் மாலையில் படித்ததை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பார். பகலைவிட இரவில் மனம் ஒருமைப்படுகிறது என்பது அவருடைய அனுபவம்.

இவருக்குப் பிறவியிலேயே நல்ல ஞாபக சக்தி இருந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். தமக்கு ஞாபக சக்தி மோசம் என்றுதான் அவர் எழுதுகிறார். சிறு வயதில் பயிற்சி இல்லாததால் துருப்பிடித்துப் போயிருந்ததாம். மூன்று மாதம் விடாமல் பழகிய பிறகு, அச்சிட்ட இருபது பக்கங்களை மூன்று முறை கவனமாகப் படித்துவிட்டு அப்படியே ஒப்பிக்க முடிந்தது என்கிறார். நமக்கு இது கொஞ்சம் மிகையாகத் தோன்றுகிறது. இதைப் பற்றிப் பின்னால் சொல்லுவோம்.

ஆங்கிலத்துக்கு ஆறு மாதம். அதே முறையில் பிரெஞ்சு மொழிக்கு அடுத்த ஆறு மாதம். பிரெஞ்சுக்காக அவர் எடுத்துக்கொண்டவை இரண்டே புத்தகங்கள். இரண்டையும் முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடம் செய்தார்.

ஒன்று, ஃபெனலோன் என்பவர் எழுதிய 'டெலமாக்'. 1699ஆம் ஆண்டு வெளிவந்தது. ஹோமர் பாடிய வீரன் ஒடிசியசின் மகன், காணாமற்போன தந்தையைத் தேடி நாடு நாடாக அலையும் கதை. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் பேரனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் ஃபெனலோன். அந்த இளவரசனுக்காகவே இதை எழுதினார். நல்ல அரசன் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் வரும் அறிவுரைகள் தம்மைக் குத்திக் காட்டுவதாக மன்னர் கருதினார். அரண்மனைப் பிள்ளைக்காக எழுதிய அந்தப் பாடநூல், நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு கடித ஊழியரின் கையில் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

மற்றொன்று 'பாலும் விர்ஜினியும்' என்னும் கதை. பெர்நார்தேன் த சேன்பியேர் எழுதியது. இதைப் பற்றி நாம் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறோம். ஏனென்றால் இந்தக் கதை நடப்பது பிரான்சில் இல்லை, மொரீசியஸ் தீவில். அந்தத் தீவு அப்போது பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. ஏழைகளான இரண்டு தாய்மார்கள் பக்கத்துப் பக்கத்தில் குடிசை போட்டு வாழ்கிறார்கள். ஒருத்திக்கு மகன், ஒருத்திக்கு மகள். அண்ணன் தங்கைபோல் வளர்ந்து, பிறகு ஒருவரை ஒருவர் நேசிக்கிறார்கள். மகள் பிரான்சுக்கு அனுப்பப்படுகிறாள். திரும்பி வரும்போது கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கப்பல் உடைந்து மாண்டுபோகிறாள். தோட்ட முதலாளியின் கொடுமை தாங்காமல் ஓடிவந்த அடிமைப் பெண் ஒருத்தியை அந்தப் பிள்ளைகள் அழைத்துக்கொண்டுபோய், அவளுக்காக முதலாளியிடம் மன்றாடும் கட்டமும் அதில் வருகிறது.

மொரீசியஸ் என்றதும் நமக்கு வேறு நினைவுகள் வரும். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே போனார்கள். ஆங்கிலேயர் கைக்கு அத்தீவு மாறிய பிறகு, 1834ஆம் ஆண்டு முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கப்பல் கப்பலாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் தமிழர்களும் பலர். ஷ்லீமன் ஆம்ஸ்டர்டாம் தெருக்களில் இந்தக் கதையை முணுமுணுத்துக்கொண்டு நடந்த அதே ஆண்டுகளில், நம்மைப் போன்றவர்களின் முன்னோர்கள் அதே தீவில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. கப்பல் உடைந்து பிழைத்தவருக்கு, கப்பல் உடைந்து மாளும் பெண்ணின் கதை மனப்பாடம் ஆனதில் மட்டும் வியப்பில்லை.

உரக்கப் படித்ததால் வேறொரு நன்மையும் உண்டாயிற்று என்று அவர் கருதினார். இரத்தம் கக்கிய அந்த மார்பு நோய், ஆம்ஸ்டர்டாமில் முதல் ஆண்டிலேயே மறைந்துவிட்டது. ஓயாமல் சத்தமாகப் படித்ததாலா, ஹாலந்தின் ஈரக் காற்றாலா என்று தமக்கே தெரியவில்லை என்கிறார். மருத்துவர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

நன்மைகளை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் வரலாறு ஆகாது. படிப்பின்மேல் வந்த வெறியில் அவர் அலுவலக வேலையைச் சரியாகச் செய்யவில்லை. இதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். முதலாளி பதவி உயர்வு தர மறுத்துவிட்டார். சின்ன வேலையை ஒழுங்காகச் செய்யாதவனுக்குப் பெரிய வேலையை எப்படிக் கொடுப்பது என்பது அவருடைய எண்ணம். முதலாளி சொன்னதிலும் தவறில்லை என்றே நமக்குப் படுகிறது. கையில் புத்தகத்தோடு உண்டியல் சீட்டைச் சுமந்து போகிறவரை எந்த முதலாளி நம்புவார்?

கடைசியில் வேறோர் இடத்தில்தான் கதவு திறந்தது. 1844ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள், நண்பர்கள் உதவியால், ஷ்ரோடர் என்ற பெரிய வணிக நிறுவனத்தில் கடிதம் எழுதுபவராகவும் கணக்கராகவும் சேர்ந்தார். சம்பளம் 1200 பிராங்கு. விரைவில் 2000 ஆக உயர்ந்தது. அஞ்சலகத்துக்குக் கடிதம் தூக்கியவர், இப்போது நாற்காலியில் அமர்ந்து பல மொழிகளில் கடிதம் எழுதினார். இதற்குள் டச்சு, ஸ்பானிஷ், இத்தாலி, போர்த்துகீசு மொழிகளையும் கற்றிருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஆறு வாரத்துக்கு மேல் ஆகவில்லை என்கிறார். பிரெஞ்சு தெரிந்தவருக்கு ஸ்பானிஷ், இத்தாலி, போர்த்துகீசு மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்போலத் தோன்றும். அவை எல்லாம் லத்தீனில் பிறந்தவை. தமிழ் தெரிந்தவர் மலையாளம் கேட்டால் பாதி விளங்குவதுபோல.

பிரெஞ்சுப் புத்தகங்கள் இரண்டும் இதோடு அவரை விட்டுப் போகவில்லை. அடுத்து ரஷ்ய மொழி கற்க விரும்பினார். ஆம்ஸ்டர்டாமில் ஆசிரியர் கிடைக்கவில்லை. கிடைத்தவை ஒரு பழைய இலக்கணம், ஓர் அகராதி, மோசமான ஒரு மொழிபெயர்ப்பு நூல். அந்த மொழிபெயர்ப்பு எது தெரியுமா? அதே 'டெலமாக்'! கதை முழுவதும் பிரெஞ்சில் மனப்பாடம். ஆகவே ரஷ்ய மொழியில் அடுத்து என்ன வரும் என்று அவருக்கு முன்பே தெரியும். தனியாக ஒப்பிப்பதைவிட யாராவது ஒருவர் முன்னால் உட்கார்ந்து கேட்டால் நன்றாக வரும் என்று நினைத்தார். வாரத்துக்கு நான்கு பிராங்கு கொடுத்து ஓர் ஏழை யூதரை அமர்த்தினார். அவர் தினமும் மாலையில் வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த மனிதருக்கு ரஷ்ய மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது! பாவம், நான்கு பிராங்குக்காக அவர் என்ன பாடுபட்டாரோ.

வீடுகளோ பலகைத் தளம் போட்டவை. மேல் வீட்டில் பேசினால் கீழ் வீட்டில் கேட்கும். லயத்தில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உள்ளவர்கள் புகார் செய்ய, ரஷ்ய மொழி கற்ற காலத்தில் அவர் இரண்டு தடவை வீடு மாற்ற வேண்டியதாயிற்று. ஆறு வாரத்தில் லண்டனில் இருந்த ரஷ்ய அவுரி வியாபாரி ஒருவருக்கு ரஷ்ய மொழியில் கடிதம் எழுதினார். 1846ஆம் ஆண்டு ஜனவரியில் நிறுவனம் அவரை ரஷ்யாவுக்கு அனுப்பியது. அவுரி நீலம் முதலிய பொருள்களை விற்று அங்கே பெரும் செல்வர் ஆனார்.

1856ஆம் ஆண்டில், குடிகாரர் சொன்ன ஹோமரின் மொழியைக் கற்கும் துணிவு அவருக்கு வந்தது. முதலில் இன்று பேசப்படும் கிரேக்கம். அதற்கு உதவியது 'பாலும் விர்ஜினியும்'. அதன் கிரேக்க மொழிபெயர்ப்பை வாங்கிப் பிரெஞ்சு மூலத்தோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் படித்தார். ஒருமுறை முடித்தபோது பாதிச் சொற்கள் தெரிந்துவிட்டன. இன்னொரு முறை படித்ததும் ஏறக்குறைய எல்லாமே. அகராதியைப் புரட்டுவதில் ஒரு நிமிடமும் வீணாகவில்லை என்று பெருமையோடு எழுதுகிறார். தெரிந்த ஒரு கதையைத் தெரியாத மொழியில் படிப்பது என்னும் இந்த வழி நம் வீடுகளிலும் நடக்கக்கூடியது. தமிழில் நன்றாகத் தெரிந்த ஒரு கதையைப் பிள்ளை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கும்போது, அதனுடைய தமிழ் ஒரு தடையாகாமல் கைகொடுக்கிறது.

இப்போது, பின்னால் சொல்லுவோம் என்று தள்ளி வைத்ததற்கு வருவோம். இவ்வளவும் பெரும்பாலும் ஷ்லீமன் தாமே எழுதியவை. 1880ஆம் ஆண்டு வாக்கில், புகழின் உச்சியில் இருந்தபோது எழுதினார். அவர் தம்மைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பக் கூடாது என்று 1970களிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் சான்றுகளோடு காட்டி வருகிறார்கள். உதாரணமாக, 1851ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரம் தீப்பற்றி எரிந்ததை நேரில் பார்த்ததாக அவர் எழுதினார்; நாள் ஜூன் 4 என்றார். உண்மையில் அந்தப் பெருந்தீ மே மாதத் தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. ஆகவே "ஆறு மாதம்", "இருபது பக்கம்" என்னும் கணக்குகளை நாம் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு மாதத்தில் வராவிட்டால் நம் பிள்ளையிடம் குறை என்று எண்ணவும் வேண்டாம்.

ஆனால் அவர் பிரெஞ்சு மொழியைக் கற்றார் என்பதில் ஐயம் இல்லை. அதற்கு அவருடைய சொல்லைத் தவிர வேறு சான்று இருக்கிறது. அந்தச் சான்று நம் பக்கமாகவே வந்து போனது.

1864ஆம் ஆண்டு வியாபாரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் உலகப் பயணம் புறப்பட்டார். எகிப்து வழியாக இலங்கை. அங்கிருந்து சென்னை, கல்கத்தா, காசி, டில்லி, இமயமலை. பிறகு சிங்கப்பூர், ஜாவா, சைகோன், சீனம், ஜப்பான். இப்படிப் பயணம் செய்யும்போதெல்லாம் நாட்குறிப்பு எழுதுவார். அதையும் கூடியவரை போகும் நாட்டின் மொழியிலேயே எழுதுவது அவர் வழக்கம். அவருடைய பயண நாட்குறிப்புகள் பதினெட்டுத் தொகுதிகளாக ஏதென்ஸ் நகரத்தில் ஒரு நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. மொழி பழகுவதற்குப் புத்தகம் கையில் வேண்டும் என்ற பழைய பழக்கம், செல்வம் வந்த பிறகும் போகவில்லை.

ஜப்பானிலிருந்து ஒரு சிறிய ஆங்கிலக் கப்பலில் ஏறிப் பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்கா போய்ச் சேர ஐம்பது நாள் ஆயிற்று. நாற்புறமும் தண்ணீர், பேச அதிகம் ஆள் இல்லை. அந்த ஐம்பது நாளில் தாம் பார்த்த சீனத்தையும் ஜப்பானையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய முதல் புத்தகம் அதுதான். 1867ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் அச்சாகி வெளிவந்தது. அதை அவர் எழுதியது பிரெஞ்சு மொழியில்.